சிவப்பு விளக்கும் அப்பாவின் கொப்பியும்

சூரிச்,
09.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்காலுக்குத் தந்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டீர்கள் என்று தங்கச்சி சொன்னாள். அதைத் தனியாகக் கதைப்போம். இந்தக் கடிதம் வேறு விடயத்துக்காக எழுதுவது. போன கிழமை தொலைபேசியில், "அங்கே பஸ் எல்லாம் நிமிடம் பிசகாமல் வருமாமே, சாரதிமார் அவ்வளவு கெட்டிக்காரரோ?" என்று கேட்டீர்கள். நானும் ஓம் என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டேன். வைத்த பிறகுதான், முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த ஒருவருக்கு அப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது என்று மனம் உறுத்தியது. இங்குள்ள சாரதிமார் கெட்டிக்காரர்தான். ஆனால் உங்களைவிடக் கெட்டிக்காரர் அல்லர். அவர்களுக்கு வீதி ஒத்துழைக்கிறது, உங்களுக்கு ஒத்துழைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் தினமும் போகும் பஸ் 32ஆம் இலக்கம். நகரத்தின் வடக்கு ஓரத்தில், எங்கள் வீட்டுப் பக்கம் புறப்பட்டு, புஹெக்பிளாட்ஸ் வழியாக இறங்கி, லிம்மாட்பிளாட்ஸைக் கடந்து, ரயில் தண்டவாளங்களுக்குக் கீழே புகுந்து லாங்ஸ்ட்ராஸே என்ற நெரிசல் மிகுந்த தெருவால் போய், நகரத்தின் மறுபக்கத்தில் வாகனங்களுக்கு இலக்கத் தகடு கொடுக்கும் அலுவலகத்தின் வாசலில் முடிகிறது. கார் பதியப் போகிறவர்களையும் பஸ்ஸிலேயே கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் சிரிப்பான விடயம். பஸ் மேலே இரண்டு மின்கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஓடும் ட்ரொலி பஸ். 1953 முதல் 1964 வரை கொழும்பிலும் அப்படி ஓடியதே, அந்த வகை. மூன்று பெட்டிகளை ஒன்றாகக் கோத்ததுபோல ஏறக்குறைய 25 மீற்றர் நீளம். அதைச் சந்தியில் திருப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை நினைப்பேன். நடத்துனர் கிடையாது. எல்லாக் கதவுகளாலும் ஏறலாம், இறங்கலாம். ரிக்கற்றை முன்னரே எடுத்திருக்க வேண்டும். இடைக்கிடை பரிசோதகர்கள் சாதாரண உடுப்பில் ஏறுவார்கள்.

வந்த புதிதில் ஜேர்மன் மொழி ஒரு சொல்லும் விளங்காது. ஆகவே பஸ்ஸில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டே போவேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். எங்கள் பஸ் சந்தியை நெருங்கும்போது விளக்கு சிவப்பாக இருக்கும்; இனி நிற்கத்தான் போகிறோம் என்று நினைத்துக் கைப்பிடியை இறுக்குவேன்; சாரதி வேகத்தைச் சற்றுத்தான் தளர்த்துவார்; கிட்டப் போவதற்குள் பச்சை விழுந்துவிடும். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும் அதே சந்தியில் அதேபோல நடந்தது. பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு ஓட்டுகிறாரோ என்றுகூட யோசித்தேன், ஏனென்றால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தாமல் நீங்கள் ஒருநாளும் போனதில்லையே.

இதை விளங்கப்படுத்தியவர் வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அண்ணா. அட்லிஸ்வில் முருகன் கோயிலில் பழக்கமானவர். பல வருடமாக இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். அவர் சொன்னபடி, சந்திக்கு வெகு முன்னரே வீதியின் தாருக்குள் கம்பிச் சுருள் புதைத்திருக்கிறார்கள். பஸ்ஸின் அடியில் உள்ள சிறிய கருவி, சுருளைக் கடக்கும்போது, தான் இன்ன இலக்கப் பஸ், இன்ன பக்கம் போகிறேன் என்று அறிவிக்கிறது. சந்தியில் உள்ள கணினி அந்த பஸ் விளக்கடிக்கு வந்துசேர எத்தனை வினாடி எடுக்கும் என்று கணிக்கிறது. அந்த வழிக்கு ஏற்கெனவே பச்சை என்றால், பஸ் கடக்கும்வரை அதை நீட்டி வைக்கும். சிவப்பு என்றால், குறுக்கு வீதியின் பச்சையைச் சுருக்கி, பஸ்ஸின் முறையை முன்னுக்குக் கொண்டுவரும். சாரதி எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை, எவரிடமும் கேட்பதும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பாகம். சந்தியைக் கடந்த பின்னும் ஒரு சுருள் உண்டு. பஸ் அதற்கு மேலால் போனவுடன், "நான் போய்விட்டேன்" என்று கணினிக்குத் தெரியும். அந்தக் கணமே பச்சையை எடுத்துக் குறுக்கே காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடும். பஸ்ஸுக்கு வேண்டியது சில வினாடிகள்தான். அதற்கு மேல் ஒரு வினாடியும் வீணாக எடுப்பதில்லை. முன்னுரிமை என்றால் மற்றவர்களை மணிக்கணக்கில் மறித்துவைப்பது என்று ஊரில் நாங்கள் நினைப்போம், ஏனென்றால் நாங்கள் கண்டதெல்லாம் அமைச்சர்மாரின் வாகனத் தொடருக்காக வீதியை மூடுவதைத்தான். இங்கே நடப்பது அப்படி அல்ல. வரும் வழியில் அறிவித்து, தேவையானதை மட்டும் எடுத்து, போனதும் திருப்பிக் கொடுப்பது.

தரிப்பிடம் எங்கே இருக்கிறது என்பதும் பெரிய விடயமாம். விளக்குக்கு முன்னால் தரிப்பிடம் இருந்தால், தள்ளுவண்டியோடு ஒரு தாய் ஏற எத்தனை வினாடி எடுப்பாள் என்று கணினிக்குத் தெரியாது. பச்சையை வீணாக எரியவிடும், அல்லது பஸ் புறப்படும் நேரத்தில் சிவப்பாக்கிவிடும். சந்தியைத் தாண்டி தரிப்பிடத்தை வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அதோடு, பல இடங்களில் பஸ்ஸுக்கென்று ஓரத்தில் குழிவாக ஒதுக்கிய இடமே கிடையாது. ஓடும் தடத்திலேயே நின்று ஆட்களை ஏற்றும். பின்னால் கார்கள் நிற்கும். முதலில் அநியாயமாகத் தெரிந்தது. ஆனால் அதனால் பஸ் எப்போதும் வரிசையின் தலையில் இருக்கிறது. திரும்பத் தடத்துக்குள் நுழைய எவரிடமும் கெஞ்சத் தேவையில்லை. குழிவான தரிப்பிடம் உள்ள இடங்களிலும், நகரத்துக்குள் பஸ் சைகை விளக்கைப் போட்டால் பின்னால் வருபவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம். கொழும்புக்குக் கிட்ட, வத்தளையில் நீங்கள் ஜன்னலால் கையை வெளியே நீட்டி ஆட்டி ஆட்டி நுழைந்தது ஞாபகம் வருகிறது.

அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறீர்களா அப்பா? 2010இல் யாழ்ப்பாணத்தில் இருந்து ஏ9 வீதியால் கொழும்புச் சேவை ஓடத் தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு பயணத்துக்கும் நேரம் எழுதி வைத்த அந்த நீல மட்டைக் கொப்பியை. வவுனியாவுக்கு இத்தனை மணி, அனுராதபுரத்துக்கு இத்தனை மணி, புத்தளத்துக்கு இத்தனை மணி. இரவு முழுவதும் எழுத்து நிதானமாக இருக்கும். நீர்கொழும்பைத் தாண்டி விடிந்த பிறகுதான் எழுத்துக் கோணும். வத்தளை, பேலியகொட, களனிப் பாலம், புறக்கோட்டை. நானூறு கிலோமீற்றருக்குச் சேர்த்து வைத்த நேரத்தைக் கடைசிப் பத்துக் கிலோமீற்றரில் பறிகொடுத்திருப்பீர்கள். பிந்தி வந்ததற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னால் "நெரிசல்" என்று ஒரு சொல் எழுதுவீர்கள். அதை ஒரு காரணமாக எவரும் ஏற்றுக்கொண்டதில்லை என்று அம்மா சொல்லுவா. சின்ன வயதில் எனக்கும் அது ஒரு சாட்டு என்றுதான் பட்டது. இங்கே வந்து பார்த்தபோது, நெரிசலையும் சிவப்பு விளக்கையும் நிமிடக் கணக்கில் அளந்து, அதைக் குறைப்பது சாரதியின் பொறுப்பல்ல, நகரத்தின் பொறுப்பு என்று ஒரு நிர்வாகமே எழுதி வைத்திருக்கிறது. சூரிச் தனக்கு வைத்திருக்கும் இலக்கு, விளக்கடியில் பஸ்ஸும், வீதியிலேயே தண்டவாளத்தில் ஓடும் ட்ராமும் காத்திருக்கும் நேரம் பூச்சியமாக வேண்டும் என்பது. எல்லாச் சந்தியிலும் அது நடப்பதில்லை. இரண்டு திசையில் இருந்து இரண்டு ட்ராமும் ஒரு பஸ்ஸும் ஒரே நேரத்தில் வந்தால் எதையாவது நிறுத்தத்தானே வேண்டும்.

இதனால் காசும் மிச்சம். நீங்கள் கணக்கில் விருப்பமுள்ளவர் என்பதால் எழுதுகிறேன். ஒரு பஸ் போய்த் திரும்பி வர 70 நிமிடம் என்று வையுங்கள். 7 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட வேண்டும் என்றால் 10 பஸ் வேண்டும். விளக்கடியில் வீணாகும் நேரத்தில் 7 நிமிடத்தை மிச்சம் பிடித்தால், 63 நிமிடத்தில் சுற்று முடியும். அதே சேவைக்கு 9 பஸ் போதும். ஒரு பஸ்ஸும், அதை விடியற்காலை தொடக்கம் நள்ளிரவு வரை மாறி மாறி ஓட்டும் சாரதிகளின் சம்பளமும் மிச்சம். வேண்டுமானால் அந்தப் பத்தாவது பஸ்ஸை விட்டு, இன்னும் நெருக்கமாகச் சேவை நடத்தலாம்.

இது எப்படி வந்தது என்று கேட்டால், மேலிருந்து வந்ததல்ல. இந்த நகரத்தின் தலைவர்கள் ட்ராமை நிலத்துக்கு அடியில் இறக்கி, மேலே வீதியைக் கார்களுக்கு விடத்தான் முதலில் திட்டம் போட்டார்கள். இங்கே பெரிய செலவென்றால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். 1962இல் கேட்டார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள். 1973இல் சுரங்க ரயில் என்று திரும்பவும் கேட்டார்கள்; அதையும் நிராகரித்தார்கள். பிறகு மக்களே கையெழுத்துச் சேர்த்து ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தார்கள்: பத்து வருடத்தில் 200 மில்லியன் பிராங் செலவழித்து, இருக்கிற ட்ராமையும் பஸ்ஸையும் தடையில்லாமல் ஓடச் செய்ய வேண்டும் என்று. நகர நிர்வாகமே அதை எதிர்த்தது. 1977 வாக்கெடுப்பில் அது வென்றது. அந்தப் பணத்தில்தான் மஞ்சள் கோடு போட்ட பஸ் தடங்களும், விளக்குகளும், தாருக்குள் புதைத்த சுருள்களும் ஒவ்வொன்றாக வந்தன. நிலத்தைத் தோண்டியிருந்தால் அந்தக் காசுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அண்ணா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் கேள்வி பிடித்திருந்தது.

கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதை வாழ்த்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நகரத்துக்குள் வரும் பாதைகளின் ஓரத்திலேயே சில விளக்குகளை வைத்து, உள்ளே தாங்கக்கூடிய அளவு கார்களை மட்டும் விடுகிறார்கள். உள்ளே வந்து பஸ்ஸின் வழியில் அடைபடுவதற்குப் பதிலாக அவை வெளியிலேயே காத்திருக்கின்றன. உங்கள் மருமகன் வேலைக்குக் காரில்தான் போகிறார். காலையில் அந்த விளக்கடியில் இருந்துகொண்டு அவர் சொல்லும் சொற்களை இங்கே எழுத முடியாது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது: அவர் போகும் தொழிற்சாலைக்கு அதிகாலையில் பஸ் இல்லை. ஆனால் இந்த நகரத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் கார் இல்லை, வசதி இருந்தும் இல்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் வைத்தியரும், சமையலறையில் பாத்திரம் கழுவும் நம்மூர்ப் பெடியனும் காலையில் ஒரே பஸ்ஸில் இறங்குகிறார்கள். பஸ் என்பது வேறு வழியில்லாதவர்களுக்கு என்ற எண்ணம் இருக்கும்வரை, அதற்காக ஒரு காரை நிறுத்த எந்த அதிகாரிக்கும் துணிவு வராது என்று நினைக்கிறேன். கொழும்பிலும் பஸ்ஸுக்குத் தனித் தடம் கீறிப் பார்த்தார்களே. கோட்டைக் கீறுவது சுலபம், அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

இப்போது இங்கே வேறு ஒரு தர்க்கம் நடக்கிறது. இரைச்சலைக் குறைக்க வீதிகளில் 30 கிலோமீற்றர் வேகக் கட்டுப்பாடு கொண்டுவருகிறார்கள், அது பஸ்ஸுக்கும்தான். விளக்கடியில் மிச்சம் பிடித்த வினாடிகளை இப்படி இழந்தால், ஒரு பஸ்ஸைக் கூடுதலாக விட வேண்டி வரும் என்பது ஒரு பக்கம். வீதியோரத்தில் குடியிருப்பவர்கள் நித்திரை கொள்ள வேண்டாமா என்பது மறுபக்கம். நான் லாங்ஸ்ட்ராஸேக்குப் பக்கத்தில் ஒரு வருடம் குடியிருந்தவள், ஆகவே எந்தப் பக்கம் என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

யூலையில் நீங்கள் வரும்போது இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். ஒன்று, மஞ்சள் பாதசாரிக் கடவையில் கார் உங்களுக்காக நிற்கும், பஸ் நிற்கும், ஆனால் ட்ராம் நிற்காது. கடவையிலும் வழி ட்ராமுக்குத்தான். அதனால் தண்டவாளத்தைக் கண்டால் இரண்டு பக்கமும் பாருங்கள். மற்றது, 32இல் ஏறினால் முன் கதவால் ஏறி, சாரதிக்குப் பின்னால் வலப்பக்கம் இருங்கள். அங்கிருந்தால் விளக்கு மாறுவது தெரியும். அந்த அண்ணாவிடம் சொல்லியிருக்கிறேன். தன்னுடைய பஸ்ஸில் ஒரு சுற்று வரச் சொன்னார், ஓடும்போது கதைக்க மாட்டாராம், கடைசித் தரிப்பிடத்தில் நிற்கும் நேரத்தில் கதைக்கலாமாம்.

விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை நாளை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கொப்பி கிடைத்தால் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். வத்தளை தொடக்கம் புறக்கோட்டை வரையான பக்கங்களை அண்ணா பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
அன்பு மகள்