எதில் சதவீதம், எத்தனை ஆண்டில்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச நாள் படிக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால்தான் இந்தத் தாமதம், இப்போது சின்ன எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது. மகளும் புது வேலையில் சேர்ந்துவிட்டாள், நிம்மதி. நீ ஓய்வு பெற்றதைப் பற்றியும், கைக்கு வந்த பணத்தைத் தங்களிடம் போடச் சொல்லி ஆளுக்கு ஒரு தாளை நீட்டுவதைப் பற்றியும் எழுதியிருந்தாய். வாழ்நாள் முழுக்க இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்தத் தாளில் ஒரு வரி பிடிபடவில்லை, அதைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. உன் பணத்தைப் பற்றி நீ கேட்பதற்கு என்ன கூச்சம்?

இத்தனை வருடம் கணக்குப் புத்தகங்களோடு இருந்த பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். நீ பட்டியல் போட்டு அனுப்பிய சொற்களில் பாதிக்கு மேல் கடைசியில் ஒரு சதவீதத்தில்தான் போய் நிற்கும். சதவீதம் என்றாலே மூன்று கேள்வி கேட்டாக வேண்டும்: எதில் சதவீதம், எத்தனை காலத்துக்கு, என்னென்ன கழித்த பிறகு? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சொல் புரிந்துவிட்டது என்று அர்த்தம். விற்க வருபவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அவருக்கே புரியவில்லை, அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

முதலில் லாபத்தை எடுத்துக்கொள். 'ஐந்து ஆண்டில் 60 சதவீதம் லாபம்' என்று ஒரு தாளில் இருப்பதாக எழுதியிருந்தாய், நீயும் ஐந்தால் வகுத்து ஆண்டுக்கு 12 என்று எடுத்துக்கொண்டாய். அப்படி வகுக்கக் கூடாது, ஏனென்றால் இரண்டாம் ஆண்டின் லாபம் முதலாண்டு லாபத்தின் மேலும் சேர்ந்துதான் வருகிறது. கூட்டு வட்டிக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு 9.9 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். சி.ஏ.ஜி.ஆர். என்று போட்டிருப்பார்களே, அது இந்த எண்தான், நீ பார்க்க வேண்டியதும் இதைத்தான். 'சராசரி லாபம்' என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 100 போட்டாய், முதல் வருடம் 50 சதவீதம் ஏறி 150 ஆனது, அடுத்த வருடம் 50 சதவீதம் இறங்கி 75 ஆனது என்று வை. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் பூஜ்யம், ஆனால் உன் பணத்தில் கால்வாசி போய்விட்டது. சராசரி என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை, உனக்குத் தேவையானதைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

உன் மகன் வண்டிக்கு வாங்கப் போகும் கடனிலும் இதே கதைதான். 'ஃபிளாட் 10 சதவீதம்' என்கிறார்கள் இல்லையா? ஒரு லட்சம் வாங்கி 12 மாதத் தவணையில் கட்டினால் வட்டி 10,000, மாதம் 9,167 வருகிறது. ஆனால் அந்த ஒரு லட்சமும் வருடம் முழுக்க அவன் கையில் இருக்கப் போவதில்லை, மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வரும், வட்டி மட்டும் முழுத் தொகைக்கே போடுகிறார்கள். குறைந்துவரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 18 சதவீத வட்டி. இன்னொரு இடத்தில் குறையும் அசலுக்கு 14 சதவீதம் என்று சொன்னால் அதுதான் மலிவு. கடன் வாங்கும் முன் இதை அவனிடம் கட்டாயம் சொல்லிவிடு.

அப்புறம் பணவீக்கம். இதற்கு அர்த்தம் உனக்குத் தெரியும், விலைவாசி ஏறுவது. ஆனால் வட்டியைப் பார்க்கும்போது அதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோமா என்றால் இல்லை. வைப்புக்கு 7 சதவீதம் வட்டி, அதில் ஐந்தில் ஒரு பங்கு வரி என்று வைத்தால் உன் கையில் நிற்பது 5.6. விலைவாசி 6 சதவீதம் ஏறினால் அந்த ஆண்டு உன் பணம் எண்ணிக்கையில் வளர்ந்தது, வாங்கும் சக்தியில் தேய்ந்தது. உண்மை வருமானம் என்று சொல்வது இந்தக் கழித்தலுக்குப் பிறகு மிஞ்சுவதைத்தான். 72ஐ ஆண்டுச் சதவீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் சுமாராகக் கிடைக்கும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, 1494இல் அச்சான, இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாசியோலியின் கணக்கு நூலிலேயே இருக்கிறது. 8 சதவீதம் என்றால் 9 ஆண்டு. அதையே விலைவாசிக்கும் போட்டுப் பார், 6 சதவீதப் பணவீக்கம் நீடித்தால் 12 ஆண்டில் விலை இரட்டிப்பாகும், அதாவது உன் பணத்தின் பலம் பாதியாகும். ஓய்வுக்குப் பிறகு நமக்கு இன்னும் நீண்ட காலம் இருக்கிறது, அதனால் 'எங்கேயும் போடாமல் சும்மா வைத்திருந்தால் பத்திரம்' என்று நீ எழுதியதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

கடன் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு வந்த தாள்களில் அதுதான் அதிகம், அதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பத்திரம் என்பது அரசோ நிறுவனமோ உன்னிடம் கடன் வாங்கியதற்கு எழுதித் தரும் சீட்டு. அதில் மூன்று எண் இருக்கும். முகமதிப்பு 1,000, அதாவது கடைசியில் திருப்பித் தரும் தொகை. கூப்பன் 5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 50. முதிர்வு 10 ஆண்டு, அதாவது அந்தத் தொகை திரும்பி வரும் காலம். இந்த மூன்றும் மாறாது. மாறுவது சந்தையில் அதன் விலை. நீ வாங்கிய மறுநாள் நாட்டில் வட்டி 6 ஆகிவிட்டது என்று வை. புதுப் பத்திரம் 60 தரும்போது 50 தரும் உன் பத்திரத்தை யாராவது 1,000 கொடுத்து வாங்குவார்களா? சுமார் 926 என்றால்தான் வாங்குவார்கள். அப்படி வாங்குபவருக்கு ஆண்டுக்கு 50, முடிவில் முகமதிப்போடு வரும் கூடுதல் 74, எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 6 சதவீதம் வந்துவிடும். முதிர்வு வரையான யீல்டு என்பது இந்த 6. 50ஐ 926ஆல் வகுத்தால் வரும் 5.4 வெறும் நடப்பு யீல்டு. ஆக ஒரே பத்திரத்துக்குக் கூப்பன் 5, நடப்பு யீல்டு 5.4, முதிர்வு யீல்டு 6 என்று மூன்று சதவீதம் உண்டு, மூன்றும் சரிதான், ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில். வட்டி ஏறினால் பத்திர விலை ஏன் இறங்குகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். எவ்வளவு இறங்கும் என்பது மீதி இருக்கும் காலத்தைப் பொறுத்தது. இதே பத்திரம் ஒரே ஆண்டில் முதிர்வதாக இருந்தால் விலை 991, 30 ஆண்டு என்றால் 862.

'அரசுப் பத்திரம், அதனால் ஆபத்தே இல்லை' என்று உன்னிடம் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். கடன் திரும்பி வராமல் போகும் ஆபத்து குறைவு என்பது உண்மை. வட்டி ஏறி விலை இறங்கும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் விழுந்ததே, அதன் கையில் இருந்த பத்திரங்களில் பெரும்பகுதி அரசோ அரசு சார்ந்த அமைப்போ பின்னால் நின்றவைதான். வட்டி மிகக் குறைவாக இருந்த காலத்தில் நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தார்கள். 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்த வட்டி ஓராண்டுக்குள் 4.5 சதவீதத்தைத் தாண்டியது. வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்க, வங்கி சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்க நேர்ந்தது, அதில் நட்டம் 180 கோடி டாலர். அதை மார்ச் 8 அன்று அறிவித்தார்கள், மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை மக்கள் எடுத்தார்கள், 10ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. முதிர்வு வரை வைத்திருக்க முடிந்திருந்தால் முகமதிப்பு முழுதாக வந்திருக்கும். அவர்களால் காத்திருக்க முடியவில்லை. லிக்விடிட்டி என்ற சொல்லை வேண்டும்போது காசாக்க முடிகிறதா என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே, வேண்டும்போது நியாயமான விலைக்குக் காசாக்க முடிகிறதா என்று கேள். மருத்துவச் செலவுக்கு என்று நீ ஒதுக்கும் பணம் அதனால்தான் நீண்ட காலப் பத்திரத்தில் இருக்கக் கூடாது என்கிறேன்.

பங்கைப் பற்றி நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய்: 10க்கு விற்கும் பங்கு 1,000க்கு விற்பதைவிட மலிவா? இல்லவே இல்லை. பங்கு விலையோடு மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையைப் பெருக்கினால் வருவதுதான் நிறுவனத்துக்குச் சந்தை போடும் மதிப்பு. 2024 ஜூனில் என்விடியா ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது, ஒன்று இருந்த இடத்தில் பத்து வந்தது, ஒவ்வொன்றின் விலையும் பழைய விலையில் பத்தில் ஒன்று, கையில் வைத்திருந்தவருக்கு அதனால் ஒரு காசு கூடவில்லை. மலிவா என்று பார்க்க லாபத்தோடு ஒப்பிட வேண்டும். பங்கு விலை 200, ஒரு பங்குக்கான ஆண்டு லாபம் 10 என்றால் பி.இ. விகிதம் 20. அதைத் தலைகீழாகப் போட்டால் 5 சதவீதம், எனக்கு இப்படிப் பார்ப்பதுதான் பிடிக்கும், பத்திர யீல்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் எந்த ஆண்டு லாபம் என்று கேட்க மறக்காதே. இரும்பு, கப்பல் மாதிரி ஏறி இறங்கும் தொழில்களில் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. குறைவாகத் தெரியும், அடுத்த ஆண்டு லாபம் சரிந்தால் அந்த மலிவு காணாமல் போய்விடும். டிவிடெண்ட் யீல்டும், அதாவது நிறுவனம் ஒரு பங்குக்கு ஆண்டில் பிரித்துத் தரும் பணத்தைப் பங்கு விலையால் வகுத்தால் வரும் சதவீதமும், அப்படித்தான், 12 சதவீதம் என்று கண்ணைப் பறித்தால் முதலில் பங்கு விலை எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்.

பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டில் உனக்குக் கிடைக்கும் யூனிட்டுக்கும் இதே பதில், 10க்கு வரும் புது ஃபண்டு 400இல் இருக்கும் பழையதைவிட மலிவில்லை. உள்ளே இருக்கும் பங்குகள் 10 சதவீதம் ஏறினால் இரண்டும் 10 சதவீதம்தான் ஏறும். அங்கே நீ தேட வேண்டிய எண் வேறு, செலவு விகிதம். ஆண்டுக்கு 1.5 சதவீதம் என்று கடைசிப் பக்கத்தில் எங்கோ இருக்கும், சின்னதாகத் தெரியும். எதில் சதவீதம் என்று கேள். லாபத்தில் இல்லை, மொத்தப் பணத்தில், லாபம் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வோர் ஆண்டும். ஒரு லட்சம் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 30 ஆண்டில் 17.45 லட்சம். அதே பணம் செலவு போக 8.5 சதவீதம் வளர்ந்தால் 11.56 லட்சம். மூன்றில் ஒரு பங்கு கட்டணத்திலேயே கரைந்துவிட்டது! இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது, இன்னும் வருகிறது. அமெரிக்காவில் வான்கார்டு ஃபண்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் போகிள் 1976இல் சாதாரண மக்களுக்காக இண்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியதன் அடிப்படையே இதுதான்: சந்தைக் குறியீட்டில் உள்ளதை அப்படியே வாங்கி வைத்துக்கொள், செலவைக் குறை. 15 கோடி டாலர் திரட்ட நினைத்து 1.13 கோடிதான் கிடைத்தது. இன்றைக்கு உலகம் முழுக்க அந்த வழி பரவியிருக்கிறது.

ரிஸ்க் என்ற சொல்லுக்கு உன் தாள்களில் பெரும்பாலும் ஏற்ற இறக்கத்தைத்தான் எண்ணாகப் போட்டிருப்பார்கள். அது ஒரு பக்கம். நம் வயதுக்கு நான் முக்கியமாகப் பார்ப்பது, உச்சத்திலிருந்து எவ்வளவு விழுந்தது, திரும்பி வர எத்தனை காலம் ஆனது என்பது. 50 சதவீதம் விழுந்தால் பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். ஜப்பானின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் 38,915ஐத் தொட்டது, அந்த உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். நீண்ட காலம் வைத்திருந்தால் பங்கு கைவிடாது என்று சொல்பவரிடம் இந்த 34 ஆண்டைப் பற்றிக் கேள். பங்கே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, ஒரே நாட்டில், ஒரே சமயத்தில், எல்லாவற்றையும் போட வேண்டாம் என்பதற்குத்தான்.

'உத்தரவாதமாக மாதம் 3 சதவீதம்' என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அவரை வீட்டுக்கு வரவிடாதே. கூட்டு வட்டிக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல். அப்படி உத்தரவாதமாகச் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு உன் ஓய்வுப் பணம் எதற்கு?

சரி, ஒன்று செய். எதிலும் கையெழுத்துப் போடாமல், ஒவ்வொரு தாளிலும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. செலவு விகிதம், இடையில் எடுத்தால் பிடிக்கும் கட்டணம், முதிர்வுத் தேதி, இந்த மூன்றையும் நீயே தேடிப் பென்சிலில் வட்டம் போட்டு அனுப்பு, கிடைக்காத தாளில் கிடைக்கவில்லை என்று எழுது. ஞாயிறு மாலை போனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். தங்கைக்கு என் அன்பைச் சொல், அவளையும் பக்கத்தில் உட்காரச் சொல், இந்தக் கணக்கு அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்