உறுமியும் இடக்காவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைத் தமிழர்களான எங்களுக்கு மாரியம்மன் நோன்பு என்றால் உறுமியும் பம்பையும்தான். கடந்த ஏப்ரலில் நென்மாறை வல்லங்கி வேலா என்னும் கோயில் திருவிழாவுக்குப் போய், ஐந்து கருவிகள் சேர்ந்து முழங்கும் கேரளப் பஞ்சவாத்தியத்தை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று கேட்டேன். திமிலை, மத்தளம், இலத்தாளம், கொம்பு எல்லாம் சேர்ந்து அதிர்ந்தாலும் என்னைப் பிடித்து நிறுத்தியது இடக்காதான். ஒரு கை குச்சியால் தட்ட, மறு கை கயிறுகளை அழுத்தித் தளர்த்த, தோல் கருவியிலிருந்து சுரமே எழுகிறது! வளைந்த குச்சி தேய்க்கையில் நம் உறுமி விம்முமே, அதே விம்மல். கண் கலங்கிவிட்டது.

எங்கள் ஊர் நோன்பில் இப்போது டிஜே பெட்டிகள்தான் அலறுகின்றன. விழாக் கமிட்டியினர் அந்தப் பணத்தில் உறுமிக்காரரையும் இடக்கா கலைஞரையும் ஓர் இரவாவது சேர்ந்து வாசிக்க வைக்க வேண்டும்.

வாசகர், கொழிஞ்சாம்பாறை