ஒவ்வொன்றும் 100 கிராமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளிர் பக்கத்தில் நலங்கு மாவு செய்முறை போட்டிருந்தீர்கள். பாசிப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, 'ஒவ்வொன்றும் 100 கிராம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் 1976இல் கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து மும்பை மாட்டுங்காவுக்கு வந்தவள். அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த மாவை அரைத்து வருகிறேன். அந்த 100 கிராமைப் படித்ததும் பகீரென்றது.

எங்கள் வீட்டில் பாசிப்பயறு ஒரு கிலோ என்றால் மற்றவை 100, 50, 25 என்று இறங்கிக்கொண்டே போகும். கார்போக அரிசியை அம்மா கடைசியில் மூன்று விரலால் எடுத்துப் போடுவாள். பெயரில்தான் அரிசி, பார்த்தால் கறுப்பு விதை. ஆயுர்வேதத்தில் பாகுசி என்பார்கள். தோலில் வரும் வெண்புள்ளிக்கு வைத்தியர் கொடுக்கும் மருந்து அது. அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலில் பட்டபின் வெயிலும் பட்டால் தோல் சிவந்து, கொப்புளித்து, கருத்துப்போகும். வெண்புள்ளியில் நிறத்தை வரவழைக்க வைத்தியர்கள் நம்புவதே அந்தக் குணத்தைத்தான். நாமோ சிவப்பழகுக்கு என்று அதையே அள்ளிப் பூசுகிறோம்!

இதெல்லாம் எனக்கும் முன்பு தெரியாது. ஏப்ரலில் என் பேத்தி ஒரு குடியிருப்புச் சந்தையில் '21 மூலிகை நலங்கு மாவு' என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். தயிரில் குழைத்து அரைமணி நேரம் முகத்தில் வைத்திருந்தாள். கழுவிவிட்டு, மத்தியானம் கல்லூரி மைதானத்தில் த்ரோபால் ஆடப் போனாள். மறுநாள் இரண்டு கன்னமும் வெந்தது போல ஆகிவிட்டது. தோல் டாக்டர் முதலில் கேட்டது, "இதில் என்னென்ன இருக்கிறது?" பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். '21 மூலிகை' என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. விற்ற பெண்மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டால், "அது எங்கள் குடும்ப ரகசியம்" என்றார். நான் போனை வாங்கிப் பேசிய பிறகுதான் கார்போக அரிசி வெளியே வந்தது.

அந்தக் காலத்தில் இது ஏன் யாரையும் சுடவில்லை என்றால், நலங்கு மாவு குளிக்கிற மாவு. எண்ணெய் தேய்த்து, ஊறி, மாவைப் பூசித் தேய்த்து உடனே தண்ணீர் ஊற்றிவிடுவோம். ஆயுர்வேதத்திலும் உத்வர்த்தனம் என்றால் பொடியைத் தேய்த்துவிடுவதுதான். இங்கே மராத்திக்காரர்கள் தீபாவளிக்கு 'உடணே' என்ற வாசனைப் பொடியைத் தேய்த்துக் குளிப்பதும் அப்படியே. நலங்கு மாவை முகத்தில் அப்பிக்கொண்டு காய விடுகிற 'பேஸ் பேக்' பழக்கம் நாம் அப்புறம் சேர்த்துக்கொண்டது.

கஸ்தூரி மஞ்சளிலும் இதே கூத்துதான். நிஜமானது வெளிறிய நிறத்தில், கற்பூர வாசனையோடு இருக்கும்; துணியில் மஞ்சளாக ஒட்டாது. கடையில் பளிச்சென்று மஞ்சளாகக் கொடுப்பது பெரும்பாலும் வேறு கிழங்கு. அரைக்கிற இடத்தையும் பார்க்க வேண்டும். நான் போகிற மாவு மில்லின் சக்கிக்காரர் கோதுமையில் வாசம் ஏறிவிடும் என்று என் மாவைக் கடைசியாகத்தான் போடுவார். காத்திருப்பேன். மிளகாய் அரைக்கும் மெஷினில் போடுகிறேன் என்றால் மட்டும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அழகுசாதனப் பொருள் விற்பவர்கள் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், யார் தயாரித்தது, எதுவரை பயன்படுத்தலாம், உரிம எண் என்ன என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் சொல்கின்றன. வீட்டில் செய்து நாலு பேருக்கு விற்கிற பெண்களின் வயிற்றில் அடிக்க நான் இதை எழுதவில்லை. நானே பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுப்பவள்தான். ஆனால் என்ன போட்டேன் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்ட என்ன கஷ்டம்?

உங்கள் பங்குக்கு, வருகிற ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். சரியான அளவு வேண்டுமென்றால் நான் எழுதி அனுப்புகிறேன். கார்போக அரிசி அதில் இருக்காது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மாட்டுங்கா, மும்பை.