வாசல் வரைதான் பெற்றோர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலந்தாய்வு முடிந்து, வெளி மாநிலக் கல்லூரிகளில் இடம் கிடைத்த பிள்ளைகள் பெட்டி கட்டத் தொடங்கியிருக்கும் நேரம் இது. அவர்களில் பலர், குடும்பத்திலேயே முதல் ஆளாக, அதுவும் தனியாக, விமானம் ஏறப் போகிறவர்கள். அவர்களுக்காகவும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்காகவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் மகள் குவாஹாத்தியில் பொறியியல் படிக்கிறாள். கல்லூரியில் சேர்க்க அவள் அப்பா ரயிலில் அழைத்துச் சென்று விட்டுவந்தார். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள் திரும்பும்போது ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்பதால், மதுரையிலிருந்து விமானத்தில் அனுப்ப முடிவு செய்தோம். இடையில் ஒரு பெருநகரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். அப்போது அவளுக்கு வயது 17. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் விமான நிலையத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

வாசலில் காவலர் அவளுடைய பயணச்சீட்டையும் ஆதார் அட்டையையும் பார்த்துவிட்டு அவளை மட்டும் உள்ளே அனுப்பினார். பயணச்சீட்டு இல்லாதவர்கள் உள்ளே செல்ல முடியாது என்பது பாதுகாப்பு விதி. அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் அவள் பெட்டியைப் பிடித்தபடி நின்று, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் இரண்டு முறை திரும்பிப் பார்த்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அவளுக்குச் சொல்லி அனுப்ப எங்களுக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

பெட்டியின் எடையை 15 கிலோவுக்குள் வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. பருப்புப் பொடியையும் முறுக்கு டப்பாவையும் எடை பார்த்துப் பார்த்து அடுக்கிய நான், கையில் கனமாக இருக்குமே என்று அவளுடைய பவர் பேங்கை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். லித்தியம் பேட்டரி தீப்பற்றக்கூடியது என்பதால், பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. கவுண்டரில் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்த பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, எல்லார் முன்னிலையிலும் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது, தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாகவே அவள் பயந்துபோனாள். கொப்பரைத் தேங்காய்க்கும் தடை உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நம் வீடுகளிலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் பண்டங்களில் எது போகும், எது போகாது என்று தமிழில் ஒரு தாள் அச்சிட்டு வாசலில் ஒட்டினால் எத்தனை பேருக்கு உதவும்!

பாதுகாப்புச் சோதனையில் கைபேசியையும் மடிக்கணினியையும் தட்டில் வைக்க வேண்டும். பெண்களைத் திரை போட்ட தடுப்புக்குள் பெண் காவலர் தனியே சோதிப்பார். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் மகள் பதறியிருக்க மாட்டாள், நானும் அந்த நேரம் பார்த்து மூன்று முறை அழைத்திருக்க மாட்டேன். பெற்றோர்களே, பிள்ளை உள்ளே போன பிறகு அரை மணி நேரம் தயவுசெய்து அழைக்காதீர்கள். கைபேசி அவர்கள் கையில் இருக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல், இறங்கி மாற வேண்டிய இடத்தில் வந்தது. எல்லாரும் 'அரைவல்' (வருகை) பலகையைப் பார்த்து நடக்க, அவளும் அவர்கள் பின்னால் நடந்து, பெட்டிகள் வரும் பெல்ட்டருகே போய் நின்றுவிட்டாள். ஒரே பயணச்சீட்டில் இரண்டு விமானங்களுக்கும் பதிவு செய்திருந்தால், மதுரையில் கொடுத்த பெட்டி நேராகக் கடைசி ஊரில்தான் கைக்கு வரும். பெட்டியில் கட்டிய சீட்டிலும், விமானம் ஏறக் காட்ட வேண்டிய சீட்டான போர்டிங் பாஸோடு ஒட்டிக் கொடுத்த துண்டிலும் குவாஹாத்திக்கு உரிய ஜி.ஏ.யு. என்ற மூன்று எழுத்துகள் இருந்திருக்கின்றன. அவற்றின் பொருளை யாராவது சொல்லியிருந்தால் அவளுக்குப் பாதி கவலை தீர்ந்திருக்கும். வெளியேறும் வாசலைத் தாண்டியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நின்றிருக்க வேண்டும். நல்லவேளையாக அங்கிருந்த ஒருவர் விமானம் மாறுவோருக்கான 'டிரான்ஸ்ஃபர்' பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்.

அடுத்ததாக அவள் போர்டிங் பாஸில் அச்சிட்டிருந்த எண்ணுள்ள கேட்டை, அதாவது விமானம் ஏறும் வாயிலை, தேடிப் போய் உட்கார்ந்தாள். அந்தச் சீட்டில் விமான எண், இருக்கை எண், கேட் எண், செக்-இன் (பயணப் பதிவு) வரிசையைக் குறிக்கும் எண் என்று பல எண்கள் இருக்கும்; எது எதற்கு என்று முதல் முறை பார்ப்பவருக்கு விளங்காது. அதற்குள் கேட் மாறிவிட்டது. பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இப்போது ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் குறைத்து, திரையில் மட்டும் தகவல் காட்டுகிறார்கள். இரைச்சல் இல்லாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் நம் பிள்ளைகள் வளர்ந்தது பேருந்து நிலையங்களில். "சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி" என்று நடத்துனர் கூவுவதைக் கேட்டு ஓடிப்போய் ஏறிப் பழகியவர்கள், விமானத்துக்கும் யாராவது கூப்பிடுவார்கள் என்றுதான் காத்திருப்பார்கள். ரயில் நகரும் வரை ஏறலாம் என்பதும் அவர்களுக்குப் பழக்கமான கணக்கு. உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுகிறார்கள், புறப்பட 25 நிமிடம் இருக்கும்போதே கேட்டையும் அடைத்துவிடுகிறார்கள் என்பதை அவர்கள் எங்கே அறிவார்கள்?

சுற்றிலும் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டதை வைத்துத்தான் என் மகளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல், தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் போர்டிங் பாஸைக் காட்டியிருக்கிறாள். அவர் தமிழர். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, திரை இருக்கும் இடம் வரை கூடவே நடந்து வந்து, "இதுல உன் விமானத்தோட நம்பரைப் பாரு கண்ணு, சீட்டுல போட்டிருக்கிற கேட்டைப் பாக்காதே" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். கேட் அடைக்கச் சில நிமிடங்களே இருக்கையில் அவள் போய்ச் சேர்ந்தாள். அந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. நான் நாள்தோறும் நினைக்கிறவர்களில் அவரும் ஒருவர்.

இவ்வளவும் ஏன் ஒரு துப்புரவுப் பணியாளரின் நல்ல மனதை நம்பி நடக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தை தனியே பயணம் செய்தால், விமான நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் பெற்றுக்கொண்டு, கையைப் பிடித்து ஏற்றி இறக்கி, உரியவரிடம் ஒப்படைக்கின்றன. 12 வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோர் அருகிலேயே இருக்கை தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் அறிவுறுத்தியது. அந்த வயதைத் தாண்டிவிட்டால் பொதுவாகப் பெரியவர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டாம்தான். வழி கேட்டால் சொல்ல ஒருவர் வேண்டும், அவர் எங்கே இருப்பார் என்பதும் தெரிய வேண்டும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர், நன்றாக நடக்கக்கூடியவர்களாக இருந்தும், வழிகாட்ட ஓர் ஆள் கிடைப்பார் என்பதற்காகவே சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்வதை நாம் அறிவோம். ஆங்கிலம் தடுமாறும் பதினேழு வயதுப் பெண் அதையும் கேட்க முடியாது.

அமெரிக்காவில், தனியே செல்லும் சிறார்களின் பெற்றோர் விமான நிறுவனக் கவுண்டரில் அனுமதிச் சீட்டு பெற்று, பாதுகாப்புச் சோதனையையும் கடந்து கேட் வரை உடன் செல்ல முடிகிறது. அவ்வளவு தூரம் கேட்கவில்லை. 18 வயதுக்குட்பட்ட பயணியோடு ஒரு பெற்றோர், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, செக்-இன் கவுண்டர் வரை செல்ல அனுமதித்தால் போதும். சென்னை, மதுரை, திருச்சி, கோவை, தூத்துக்குடி நிலையங்களில், வாசலைத் தாண்டியதும் கண்ணில் படும் இடத்தில், தமிழில் பேசக்கூடிய ஒருவர் உதவி மேசையில் இருக்க வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும்போது வயதைக் கேட்கிறார்களே, அந்த வயது 18க்குக் கீழ் இருந்தால் கவுண்டர், சோதனை, திரை, கேட், இணைப்பு விமானம் என்ற வரிசையை விளக்கும் தமிழ்க் குறிப்பொன்றைச் சீட்டுடனேயே அனுப்புவதில் நிறுவனங்களுக்குப் பெரிய செலவு ஏதும் இருக்காது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. மகளின் அனுபவத்துக்குப் பிறகு, வெளியூர் செல்லவிருக்கும் பிளஸ் டூ மாணவ மாணவியருக்காகப் பள்ளித் தாழ்வாரத்தில் நான்கு மேசைகளைப் போட்டு, ஒன்றைக் கவுண்டராகவும் ஒன்றைச் சோதனை இடமாகவும் வைத்து ஒரு மாலை முழுவதும் நடத்திக் காட்டினோம். மகளின் பழைய போர்டிங் பாஸைப் பெரிதாக நகலெடுத்துச் சுவரில் ஒட்டினேன். கரும்பலகையில் கேட் எண்ணை 7 என்று எழுதிவிட்டு, அவர்கள் கவனிக்காத நேரத்தில் அழித்து 12 என்று எழுதியபோது முதல் தடவை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை எல்லாரும் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றப் பள்ளிகளும் இதைச் செய்யலாம். நான்கு மேசையும் ஒரு சாக்பீஸும் தவிர வேறெதுவும் தேவைப்படாது.

அவர்களில் இரண்டு மாணவியர் இம்மாத இறுதியில் மதுரையிலிருந்து புறப்படுகிறார்கள். அதற்குள் வாசலுக்கு உள்ளே ஒரு மேசையாவது போடப்பட்டிருக்க வேண்டும் என்று விமான நிலைய அதிகாரிகளைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.