ஆண்டறிக்கை 2024–25: மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் ஆதரவுச் சங்கம், சென்னை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் கூட வந்திருக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதி நேரத்தை நம் காலை நடைக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான்.

ஜூன் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "தேங்காய்ச் சட்னி அரைக்கிற நேரம்கூட நிற்க முடியலை. மிக்ஸியை நிறுத்திட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துடறேன். எவ்வளவு தூங்கினாலும் அசதி போகலை. வீட்ல சோம்பேறித்தனம்னு நினைச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார். உடனே பல கைகள் உயர்ந்தன. கீமோ முடிந்து ஒரு வருடம் தாண்டியவர்களும் அதையே சொன்னார்கள். என் சிகிச்சையின்போது நானும் இதைக் கேட்டிருக்கிறேன். "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தேன். கால் தசை இளைத்தது, பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கியது, அசதி கூடியதே தவிரக் குறையவில்லை.

ஜூலையில் பேச வந்த பிசியோதெரபிஸ்ட் இதைத்தான் முதலில் விளக்கினார். சாதாரணக் களைப்பு தூங்கினால் போகும். புற்றுநோயும் சிகிச்சையும் தரும் அசதி அப்படிப் போகாது. 2017-இல் 'ஜாமா ஆன்காலஜி' இதழில் 113 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இந்த அசதிக்கு மருந்துகளைவிட உடற்பயிற்சியும் மன ஆலோசனையும் நன்றாகப் பலன் தருவதாகக் கண்டிருக்கிறார்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், குறைந்தது 12 வாரம் என்பது 2019-இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று சொன்ன அளவு. கீமோ நடக்கும்போதும் செய்யலாம், முடிந்த பிறகும் செய்யலாம்.

ஆனால் நடக்கத் தொடங்கும் முன் எல்லோரையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். அது நல்லதாகப் போயிற்று. ஒருவருக்குத் தைராய்டு குறைவு, இன்னொருவருக்கு ஹீமோகுளோபின் குறைவு. இருவருமே எல்லாம் கீமோவின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள்.

ஆகஸ்டில் பூங்காவில் தொடங்கினோம், திங்கள், புதன், வெள்ளி. அரை மணி நேரம் என்றதும் பலர் மிரண்டார்கள். அதனால் நிமிடத்தை விட்டுவிட்டு பெஞ்சைக் கணக்காக வைத்தோம். வாசலிலிருந்து முதல் பெஞ்ச் வரை நடப்பது, உட்காருவது, முடிந்தால் அடுத்தது. நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. அதுதான் சரியான வேகம். அந்தத் தேங்காய்ச் சட்னி சகோதரி முதல் நாள் ஒரே பெஞ்சோடு திரும்பினார். நவம்பரில், மழைக்காகக் கல்யாண மண்டபத்துக்குள் மாறியிருந்த சமயம், 20 நிமிடம் நிற்காமல் சுற்றினார். தினமும் அசதிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதும் அவரது நோட்டில் 8-ஆக இருந்தது 4 ஆனது. நடந்த நாட்களில் இரவுத் தூக்கமும் நன்றாக வந்ததாக ஓரத்தில் எழுதியிருக்கிறார். கீமோ போட்ட அடுத்த சில நாட்களில் எண் மறுபடி ஏறும். அந்த நாட்களில் வராண்டாவில் ஐந்து நிமிடம் நடந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

ஒரு தவறும் நடந்தது. பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து போட்டுப் பாதம் மரத்துப்போன ஒருவர் ரப்பர் செருப்போடு வந்து, வேர் தடுக்கி விழுந்துவிட்டார். முட்டி சிராய்ப்போடு போயிற்று. பாதத்தில் உணர்வு எப்படி இருக்கிறது என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது ஷூ கட்டாயம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களும் இதயப் பாதிப்பு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டபிறகே வர வேண்டும். காய்ச்சல் இருந்தால் யாரும் வரக் கூடாது.

கையைப் பற்றிய பயம்தான் கடைசிவரை போகவில்லை. அக்குளில் நெறிக்கட்டி எடுத்த கையால் எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கிவிடும் என்றே நம் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. 2009-இல் கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. நாம் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினோம். வீக்கம் உள்ளவர்கள் அழுத்த உறை போட்டுக்கொண்டு செய்கிறார்கள். ஜனவரியில் மெரினாவில் கண்ணகி சிலை வரை நடந்த அன்று, ஓர் அக்கா தன் பேரனை இரண்டு கையாலும் தூக்கிக் கடலைக் காட்டினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் அவனைத் தூக்கியது அன்றுதான்.

நம்மோடு நடந்த ஒருவர் பிப்ரவரியில் மறைந்தார். பரவிய நிலையிலும், மருத்துவர் அனுமதித்தவரை, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெஞ்ச் நடந்தவர். அவர் குடும்பத்துக்கு நம் ஆறுதலைத் தெரிவிக்கிறோம்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். "நீ எழுந்திருக்காதே, நான் பார்த்துக்கறேன்" என்று நீங்கள் பாசத்தோடு சொல்வது எங்களுக்குத் தெரியும். துவைப்பதையும் தண்ணீர் பிடிப்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அதனால் எங்களுக்கு மிஞ்சும் தெம்போடு எங்களை நடக்க அழைத்து வாருங்கள். தனியாக வரத் தயங்கி நின்றுபோனவர்கள் இந்த ஆண்டு சிலர் உண்டு.

வரும் ஆண்டில் மாலை நடை ஒன்றும் தொடங்குகிறோம், வேலைக்குப் போகிறவர்களுக்காக. கத்திரி வெயில் முடியும்வரை காலை நடை 5.30 மணிக்கு. புதிதாக வருகிறவர்களுக்காக வாசலில் நான் நிற்பேன். முதல் பெஞ்ச் வரை சேர்ந்து போகலாம்.

செயலாளர்