செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்கள் இதை வாட்ஸ்அப்பில் படிப்பார்கள் என்று நம்புகிறேன். நீல டிக் விழுந்தாலே எனக்குத் திருப்திதான்.

பழைய ஸ்பீக்கர்களைச் சரிசெய்யும் நம் கிருஷ்ணகிரி சங்கத்தில் மாதம் ஒரு கூட்டம் என்பது விதி. இந்த ஆண்டு நடந்தது ஒன்பது. மே, ஜூன் இரண்டு மாதமும் மாங்காய் சீசன். தோப்புக்காரர்களையும் மண்டிக்காரர்களையும் நான் குறை சொல்லவில்லை, பெங்களூரா மாங்காய் லாரி ஏறும் நேரத்தில், அடிநாதம் தரும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபரைப் பற்றி யார் பேசுவார்கள்? நவம்பர் கூட்டம் மழையில் போயிற்று. ஆகஸ்டில் கெப்பாசிட்டர் அளக்கும் வகுப்பு நடந்தது, ஏழு பேர் வந்தார்கள். ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல் வழங்கப்பட்டது. ஜனவரியில் பர்கூர் உறுப்பினர் வீட்டுக்குப் போய் அவருடைய வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கேட்டுவிட்டு வந்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர் பிப்ரவரியில் காலமானார்; அம்மாதக் கூட்டத்தில் மௌனம் அனுசரித்தோம்.

இனி அட்வென்ட் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் ஜோடியின் விஷயம். இதைப் பற்றி ஆளுக்கு ஒரு விதமாகப் பேசியாயிற்று. அதனால் ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என்னைக் கேட்கக்கூடாது.

பழையபேட்டையில் ஒரு வீட்டை இடிக்கப்போகிறார்கள், இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் எடைக்குப் போகப்போகின்றன என்று ஜூலையில் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் ஒன்றின் மேல் மிக்ஸி, இன்னொன்றின் மேல் அரிசி மூட்டை. துணியை எடுத்தேன். நடுவில் ஆரஞ்சு நிறத்தில் குமிழ் வைத்த ட்வீட்டர், அதாவது கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கர். அமெரிக்காவில் இதற்குப் பட்டப்பெயரே பொரித்த முட்டைதான். நம் ஆட்கள் பார்த்த உடனே ‘ஆஃப்பாயில்’ என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் 1970களில் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தாராம். மறுபடி பாட வைத்தால் போதும், காசு வேண்டாம் என்று குடும்பத்தார் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொள்வது என்ற முடிவு என்னுடையது. செயற்குழுவைக் கூட்டி முடிவெடுத்திருக்கலாம் என்கிறார்கள். கூட்டினால் வந்திருப்பார்களா என்பது வேறு விஷயம். பழைய இரும்புக்காரர் மறுநாள் காலை வருவதாக இருந்தது.

ஊஃபரின் காகிதக் கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் தொட்ட இடத்தில் வேர்க்கடலைத் தோல் மாதிரி உதிர்ந்தது. இதில் யார் தவறும் இல்லை. அந்தக் கால பாலியூரித்தேன் ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதையும். பாடினாலும் பாடாவிட்டாலும் இருபது ஆண்டுக்கு மேல் தாங்கினால் பெரிய விஷயம். கோன் மட்டும் கிழியாமல் நன்றாக இருந்தது.

சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். “இதுக்கு எதுக்குண்ணா மண்டைய உடைச்சுக்கிறீங்க? திருவிழா பெட்டிக்குப் போடுற கோன் இருக்கு, மாத்தித் தர்றேன், இடி மாதிரி அடிக்கும்” என்றார். நல்ல மனுஷர், வேலை தெரிந்தவர். ஆனாலும் வேண்டாம் என்றேன். அன்றைக்கே அவர் பேச்சைக் கேட்டிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும் என்று சொல்பவர்களுக்காகக் காரணத்தைச் சொல்கிறேன். இந்தப் பெட்டியைச் செய்தவர் ஹென்றி க்ளோஸ். 1954இல் எட்கர் வில்ச்சரோடு சேர்ந்து ஏ.ஆர். (அக்கூஸ்டிக் ரிசர்ச்) ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கியவர், 1967இல் அட்வென்ட்டைத் தொடங்கினார். ஏ.ஆரின் அடிப்படையே மூடிய பெட்டிதான்: கோனைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்குவது. அட்வென்ட்டும் அதே வழி. அதில் விறைப்பான கோனை மாட்டினால் சத்தம் வரும், அடிநாதம் போய்விடும். ஆகவே அதே அளவில், அதே மென்மையில் ஃபோம்தான் வேண்டும்.

அந்த ‘அதே அளவு’ என்ற இடத்தில்தான் நான் சறுக்கினேன். டேப்பை வைத்து வெளி விளிம்பை அளந்தேன், 12 அங்குலம் காட்டியது. வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டு, பணம் கட்டி, சுங்க வரியும் கட்டி, ஏழு வாரம் காத்திருந்து வாங்கினால் ஃபோம் கோனைவிட்டு வெளியே தொங்குகிறது. ‘பெரிய அட்வென்ட்’ என்ற இந்த மாடலில் ஊஃபர் உண்மையில் 10 அங்குலம். சுற்றிலும் மேசனைட் எனும் அழுத்திய மரநார் அட்டையில் ஒரு வளையம் இருப்பதால் பார்வைக்குப் பெரிதாகத் தெரிகிறது. இது தெரிந்தவர்களுக்குத் தெரியும். நம் சங்கத்திலும் தெரிந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார், ஃபோம் வந்த பிறகு சொன்னார். பொருளாளர் வாசிக்கப்போகும் கணக்கில் ‘உதிரி பாகம்’ என்று இரண்டு முறை வருவதற்கு விளக்கம் இவ்வளவுதான். முதல் ஜோடி ஃபோம் பத்திரமாக இருக்கிறது, 12 அங்குல ஊஃபர் வைத்திருப்பவர்கள் அணுகலாம்.

இரண்டாவது ஃபோம் வந்தபின் வேலை சுத்தமாக நடந்தது. பழைய பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து ஐஸ் குச்சியால் சுரண்டினோம். கத்தி வைத்தால் கோன் போச்சு. ஒட்டுவதற்கு மெதுவாகக் காயும் வெள்ளைப் பசை. தொட்டதும் பிடித்துக்கொள்ளும் பசையில் ஃபோமை நகர்த்தவே முடியாது, இதில் கால் மணி நேரம் நடுவாக்கப் பொறுமை கிடைக்கிறது. முதல் ஊஃபரை 30 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்து, காதை வைத்துக் கேட்டபடியே நடுவில் நிறுத்தினேன். மறுநாள் அழுத்திப் பார்த்தால் ‘சர்க், சர்க்’ என்று கோனின் பின்னாலுள்ள கம்பிச் சுருள், அதாவது காயில், உரசுகிறது. பிரித்தேன். கோனின் நடுவிலுள்ள மூடியான டஸ்ட் கேப்பை பிளேடால் அறுத்து, பழைய எக்ஸ்ரே பிலிமில் மெல்லிய பட்டைகள் வெட்டி, காயிலுக்கும் காந்தத்தின் நடுக் கம்பத்துக்கும் இடையே நான்கு பக்கமும் செருகி, அப்புறம் ஒட்டினேன். பசை காய்ந்து பட்டைகளை உருவியபோது கோன் எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் போய் வந்தது. அந்த எக்ஸ்ரே என் சொந்த முழங்காலுடையது. கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது கிராஸ்ஓவர், ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக்கொடுக்கும் சர்க்யூட். இங்கேதான் ‘அப்கிரேடு’ கோஷ்டி உள்ளே வந்தது. ஐம்பது வருஷ எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்து, அளவு மாறி, உள்தடை ஏறிப்போயிருந்தன. மாற்றத்தான் வேண்டும், அதில் கருத்து வேறுபாடு இல்லை. போடுவதே போடுகிறோம், உசத்தியான பிலிம் கெப்பாசிட்டராகப் போடலாம் என்று பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடு வரை போய் வாங்கி வந்தார்கள். பஸ் செலவு சங்கத்தினுடையது. போட்டோம். ஆஃப்பாயில் கத்த ஆரம்பித்தது. ஜால்ரா சத்தம் காதுக்குள் ஊசியாக இறங்கியது. பிலிம் கெப்பாசிட்டரில் உள்தடை ஏறக்குறைய இல்லை. ஆனால் பெட்டியைச் செய்தவர் எலக்ட்ரோலிட்டிக்கில் இயல்பாக இருக்கும் அந்தச் சிறு தடையையும் சேர்த்துத்தான் ட்வீட்டரை அளந்து வைத்திருப்பார். அதை எடுத்துவிட்டால் ட்வீட்டர் தூக்கலாகத்தான் கேட்கும். அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டதும் அடங்கியது. விலை சில ரூபாய். புதுப்பிப்பது வேறு, மேம்படுத்துவது வேறு என்று நான் செப்டம்பரிலேயே சொன்னேன், நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

அப்புறமும் அடிநாதம் இல்லை. இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து ஊஃபர் முனைகளில் ஒரு நொடி தொட்டேன். ஒரு கோன் முன்னால் வந்தது, இன்னொன்று உள்ளே போனது. எந்தக் காலத்திலோ யாரோ ஒயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும். சரி செய்தேன். பெட்டியில் காற்று கசிகிறதா என்றும் பார்த்தேன்: கோனை மெல்ல அழுத்திவிட்டால் அது நிதானமாகத் திரும்ப வேண்டும். ஒன்று சட்டென்று திரும்பியது. மேசனைட் வளையத்தைச் சுற்றிப் புட்டி வைத்தபின் அதுவும் அடங்கியது.

மார்ச் முதல் ஞாயிறு, நாதஸ்வர ரெக்கார்டு ஒன்றைப் போட்டோம். தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் சத்தம் எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். இடப்பக்கமான தொப்பியில் குச்சி விழுந்ததும் வருகிற அந்த ‘தொம்’ என்பது தரை வழியாக வந்து பாதத்தில் தொட்டது. அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். பழையபேட்டை வீட்டுப் பெரியவரின் மகள் வந்திருந்தார், ஒரு பக்கம் முழுக்க ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. மற்ற உறுப்பினர்களும் இருந்திருக்கலாம்.

அந்த ஜோடி இப்போது என் வீட்டு மாடியில் இருக்கிறது என்பது உண்மை. தினமும் மாலையில் பாடுகிறது என்பதும் உண்மை. புது ஃபோம் தளர்ந்து படியச் சில வாரம் ஓட்ட வேண்டும். சங்கத்துக்கு அறை கிடைத்த நாளே கொண்டுவந்து வைக்கிறேன், கரண்ட் பில் நான் கேட்கவில்லை.

சந்தா. பதிவேட்டில் 41 பேர், ஆண்டுச் சந்தா 600 ரூபாய் கட்டியவர்கள் 23 பேர். மீதிப் பேரில் நான்கு பேருக்கு இந்த ஆண்டிலேயே சங்கம் ஊஃபர் சரி செய்து கொடுத்திருக்கிறது. ஓசூர் நண்பர் ஒருவர் இரண்டு பெட்டிகளை இறக்கிவைத்து, ஃபோம் மாற்றி வாங்கிக்கொண்டு, டீயும் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் அழைத்தால் அவர் எப்போதும் மீட்டிங்கில்தான் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை, பெட்டிகள் நன்றாகப் பாடுகின்றன என்று கேள்வி. சந்தோஷம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், செலவு சற்றே கூட. அந்தச் சற்றே இப்போதைக்கு என் கையிலிருந்து போயிருக்கிறது, அவசரமில்லை.

கூட்டம் நடத்த இடம் கொடுத்த பள்ளித் தாளாளருக்கும், டீ அனுப்பிய கடைக்காரருக்கும், பெட்டிகளை மாம்பழக் கூண்டுகளோடு கூண்டாக ஏற்றிவந்த டெம்போ ஓட்டுநருக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை இளைஞர் ஒருவர் எடுத்துக்கொண்டால் மகிழ்வேன். மனப்பூர்வமாகத்தான் சொல்கிறேன். யாரும் முன்வராவிட்டால் சபையின் விருப்பத்தை மீற மாட்டேன். காவேரிப்பட்டணத்திலிருந்து வார்ஃப்டேல் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வந்து என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. ரப்பர் வளையம், அதனால் ஃபோம் செலவு இல்லை, கெப்பாசிட்டர் மட்டும்தான். இம்முறை அளவுகளை மூன்று பேர் சேர்ந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆர்டர். வேலை ஞாயிறு காலை 10 மணிக்கு. சந்தா பாக்கி உள்ளவர்களும் வரலாம், கையில் 600 ரூபாய் இருந்தால் இன்னும் நல்லது.

கெப்பாசிட்டர் அளக்கும் சங்கத்தின் எல்.சி.ஆர். மீட்டரை அக்டோபரில் எடுத்துப்போனவர் யார் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் டீக்கடையில் கொடுத்துவைத்தால் போதும், நேரில் வரவேண்டியதில்லை. பேட்டரி தீர்ந்திருந்தால் பரவாயில்லை, அப்படியே கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
கிருஷ்ணகிரி