ஓவிய அறையைத் திறந்து விடுங்கள்

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மூடிக் கிடக்கும் ஓவிய அறையின் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். 'பொழுதுபோக்குச் செயல்பாடுகள் நிறுத்தப்படுகின்றன' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது.

பக்கவாதத்தில் என் அம்மாவுக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. நாம் சொல்வது புரியும். பதில் சொல்ல வாயெடுத்தால் வேறேதோ சத்தம் வரும். ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிடுவார். 'ஒத்துழைப்பதில்லை' என்று வார்டு குறிப்பில் எழுதினார்கள்.

ஓவிய அறையில் சிகிச்சையாளர் காகிதம் நகராமல் நான்கு மூலைகளையும் மேசையில் ஒட்டினார். கிரேயானில் துணியைச் சுற்றி இடது கையில் கொடுத்தார். முதல் வாரம் வெறும் கிறுக்கல். அப்புறம் ஒரு நாள், கோணல்மாணலாக ஓர் ஆள். அதன் ஒரு தோளில் மட்டும் கிரேயான் உடையும்வரை சிவப்பை அழுத்தித் தேய்த்தார் அம்மா. சிகிச்சையாளர் தன் வலது தோளைத் தொட்டு, "இங்கே வலிக்கிறதா?" என்றார். அம்மா அழுதுவிட்டார். புரட்டிப் படுக்க வைக்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறோம். நானும் இழுத்திருக்கிறேன்.

இதையா பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

காசநோய் சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்து தேறிய ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர், 1942-லேயே இதற்குக் 'கலைச் சிகிச்சை' என்று பெயர் வைத்தார். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, நோயைத் தடுப்பதிலும் அதற்குச் சிகிச்சை அளிப்பதிலும் கலைக்குப் பங்குண்டு என்று அறிக்கையே வெளியிட்டது. உங்களுக்குத் தெரியாததா? மருந்துக்குப் பதிலாக வண்ணம் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மருந்தோடு அதுவும் வேண்டும் என்கிறோம். அறையைத் திறந்து விடுங்கள்.

ஸ்கேனில் தெரிவதுதான் நோய், பில்லில் ஏறுவதுதான் சிகிச்சை என்று எப்போது ஆனது? பயத்தையும் அவமானத்தையும் எந்த ஸ்கேனில் பார்ப்பீர்கள்? பேச முடியாதவர் யாரிடம் போய் முறையிடுவார்?

சரி, கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தினமும் முடியாவிட்டால் வாரம் இரண்டு மதியமாவது அறையைத் திறந்து, அந்தச் சிகிச்சையாளரைத் திரும்ப அழையுங்கள். தயவுசெய்து செய்யுங்கள். அம்மா பாதியில் விட்ட படம் இன்னும் அந்த மேசையில்தான் ஒட்டியிருக்கிறது. அதை யாரும் பிய்த்து எறிந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்